பதினோராம் நாள்

மூன்றாம் சுற்று கீமோ மருந்து ஏறிய பதினோராம் நாள், பூங்கோதையின் இரத்தத்தில் ஒரு வெள்ளையணுகூட இல்லை. அன்று மதியம் அவள் சிங்காநல்லூர் பேருந்து நிலையத்தில் நின்று, தள்ளுவண்டியில் வெட்டி வைத்திருந்த மாங்காய்த் துண்டுகளை மிளகாய்ப்பொடி தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள்.

“ஈ மொய்ச்சுக்கிட்டு இருக்குது கோதை. போட்டுட்டு வா,” என்றான் அவள் கணவன் ஆறுச்சாமி.

“மொய்ச்சா மொய்ச்சுட்டுப் போகுதுங்க. ரெண்டு மாசமா கஞ்சியைத் தவிர வேற ஒண்ணும் கண்ணுல காட்டல நீங்க.”

ஓர் ஈ அவள் மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே இருந்தது. அவள் கையை உதறியபோது அது பறக்காமல் கீழே விழுந்தது. இருவரும் பேருந்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஓராண்டுக்கு முன்புவரை இப்படி ஒரு மாங்காய் தின்றதற்காகவே ஒருவர் செத்துப்போயிருக்கலாம். வெள்ளையணு இல்லை என்றால் கண்ணாடி அறை, முகக்கவசம், கொதித்து ஆறிய தண்ணீர். பூவும் பழமும் வாசலோடு சரி. பூங்கோதைக்கு முதல் சுற்று அப்படித்தான் போனது.

அவளுக்கு வயது நாற்பத்தொன்று. சிங்காநல்லூரில் பத்தொன்பது ஆண்டுகளாக இட்லி மாவுக் கடை வைத்திருந்தாள். பீடி, சிகரெட் வாடையே ஆகாது. இரண்டு மழைக்காலம் விடாமல் இருமியதால் படம் எடுத்துப் பார்த்தார்கள். இடது நுரையீரலில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டி. ஆறு சுற்று மருந்து கொடுத்தால் சுருங்கும் என்றார் நொய்யல் புற்றுநோய் நடுவத்தின் மருத்துவர் நஸ்ரீன்.

மருந்துக்குக் கட்டியைத் தெரியாது. வேகமாகப் பெருகுகிற எதையும் அது அடிக்கும். கட்டி பெருகுகிறது, முடியின் வேர் பெருகுகிறது, வாயின் உள்தோல் பெருகுகிறது. எல்லாவற்றையும்விட வேகமாக எலும்புக்குள் மஜ்ஜை இரத்தத்தைச் சமைத்துக்கொண்டிருக்கிறது. முதல் சுற்றின் ஒன்பதாம் நாள் பூங்கோதைக்கு நூற்று நான்கு டிகிரி காய்ச்சல். வெள்ளையணு ஆயிரக்கணக்கில் இருக்கவேண்டிய இடத்தில் இருநூறு இருந்தது. இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் ஒன்றரை இலட்சம் இருக்கவேண்டிய இடத்தில் பதினோராயிரம். பல் துலக்கியபோது ஈறில் தொடங்கிய கசிவு மறுநாள் வரை நிற்கவில்லை.

பக்கத்துப் படுக்கையில் பல்லடத்துத் தறிக்காரர் ஒருவர் இருந்தார். அவருடைய கட்டி பாதியாகக் குறைந்துவிட்டதென்று முந்தின நாள்தான் வீட்டார் இனிப்பு கொடுத்திருந்தார்கள். தொண்டைக்கரகரப்பு என்று ஆரம்பித்து மூன்றாம் நாள் போய்விட்டார்.

“அவரைக் கட்டி கொல்லலை,” என்று நஸ்ரீன் ஆறுச்சாமியிடம் சொன்னார். “காலியா இருந்த இரத்தம் கொன்னுருச்சு. உங்க மனைவிக்கு அடுத்த சுற்றுல காவலணு போடலாம்னு இருக்கேன். சம்மதமா?”

காவலணு என்பது ஆய்வகத்தில் செய்த, உயிரில்லாத ஒரு வெள்ளையணு. ஒரு சிவப்பணுவில் பத்தில் ஒரு பங்குகூட இராது. உடம்பில் இருக்கிற இரும்பை எடுத்துத் தன்னைப்போலவே இன்னொன்றைச் செய்துகொள்ளும் என்பதால், ஒருமுறை ஊசி போட்டால் போதும். கசிவு கண்ட இடத்தில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு அடைக்கும். கிருமியைக் கண்டால் சுற்றி வளைத்து நொறுக்கும். வியர்வையோடு தோலுக்கு வந்து அங்கேயும் காவல் நிற்கும். மருந்தால் அதை ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் எது உடம்பு, எது கிருமி என்று அதற்கு யாராவது சொல்லித்தர வேண்டும். அதற்குத்தான் அறிமுக வாரம். ஏழு நாள் காவலணுக்கள் யாரையும் தாக்காமல் உடம்பு முழுக்கச் சுற்றும். வழியில் கண்ட ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, இது நம்முடையது, இவ்வளவு இருக்கிறது என்று பதிந்துகொள்ளும். ஏழாம் நாள் அந்தப் பதிவு பூட்டிக்கொள்ளும். பிறகு யாராலும் திறக்க முடியாது. திறக்க முடிந்தால் கிருமியும் என்றாவது ஒருநாள் தன் பெயரை எழுதிவிட்டுப் போய்விடும் என்பதால் அப்படிச் செய்திருந்தார்கள்.

பூங்கோதைக்கு அந்த வாரம் நன்றாக நினைவிருந்தது. வலி இல்லை. நகக்கண்ணுக்கு அடியில், காது மடலுக்குள், பல்லின் வேரில் ஒரு மெல்லிய ஊர்தல். ஒரு நாள் தொடையில் இருக்கும், மறுநாள் கண்ணுக்குப் பின்னால். “யாரோ என்ற வீட்டுக்குள்ள பூந்து ஒவ்வொரு கதவாத் தொறந்து பாத்துட்டு, ஒண்ணும் பேசாம மூடிட்டுப் போறமாதிரி இருக்குதுங்க,” என்று கணவனிடம் சொன்னாள்.

பூட்டு நாள் அவளுடைய இரண்டாம் சுற்றின் பதினோராம் நாளாக அமைந்தது. அன்று அவள் எடை நாற்பத்து மூன்று கிலோ. தலையில் முடி இல்லை. வாய்க்குள் நான்கு புண்கள். எச்சில் விழுங்கினால் கண்ணீர் வந்தது. மூச்சு வாங்கியதால் சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்தே இருந்தாள். மாலை நான்கு மணிக்கு நஸ்ரீன் வந்து, “முடிஞ்சுதும்மா. இனி உங்களைக் கிருமி அண்டாது,” என்றார்.

அண்டவில்லை. அடுத்த நான்கு சுற்றுகளும் சளி பிடிக்காமல் போயின. வாய்ப்புண் ஆறியது. பூங்கோதை கடைத்தெருவுக்குப் போனாள், ஒரு கல்யாணத்துக்குப் போனாள், மாங்காய் தின்றாள். ஆறாம் சுற்று முடிந்து எடுத்த படத்தில் கட்டி திராட்சை விதை அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஆறுச்சாமி அந்தப் படத்தை வாங்கி வந்து கடையின் கல்லாப்பெட்டிக்கு மேலே சாமி படத்தோடு சேர்த்து வைத்தான்.

மறுவாரம் அவள் கடைக்குத் திரும்பினாள். பழையபடி ஆறுச்சாமி கிரைண்டரைப் பார்த்துக்கொள்ள, அவள் உப்புப் போட்டுக் கையால் கரைத்து அண்டாவில் வைத்தாள். காலையில் மூடியைத் திறந்தபோது மாவு வைத்த மட்டத்திலேயே இருந்தது. நுரை இல்லை. புளித்த வாசம் இல்லை. ஊறிய அரிசியின் வாசம் மட்டும் அடித்தது.

“குளிருக்கு அப்புடி இருக்கும்,” என்றான் ஆறுச்சாமி.

மறுநாளும் பொங்கவில்லை. அதற்கு மறுநாளும். நான்காம் நாள் பாதி மாவை அவள் கரைத்தாள், மீதியை அவன் கரைத்தான். காலையில் அவன் அண்டா மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்திருந்தது. அவள் அண்டா ஈரச் சுண்ணாம்பு மாதிரி கிடந்தது.  அவன் அவள் அண்டாவைத் தூக்கிப்போய் வாய்க்காலில் கொட்டினான். அன்றிலிருந்து அவள் மாவில் கை வைப்பதில்லை.

பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. அவள் உறை ஊற்றிய பால் பாலாகவே இருந்தது. காலையில் படுக்கையைச் சுருட்டினால் அவள் படுத்திருந்த பக்கம் மட்டும் கொசுக்கள் மிளகைச் சிந்தியதுபோல் செத்துக் கிடந்தன. அவளோடு மருந்து எடுத்துக்கொண்ட மற்றவர்களுக்கு, காவலணு போடாதவர்களுக்கு, தலையில் முடி முளைத்துச் சுருண்டு நின்றது. அவள் தலை மழமழவென்றே இருந்தது. தினமும் தடவிப் பார்த்தாள். ஒரு முள்ளுகூடத் தட்டுப்படவில்லை.

ஐம்பது கிலோவரை ஏறிய எடை இறங்கத் தொடங்கியது. மூன்று வேளையும் சாப்பிட்டாள். இருந்தும் நாற்பத்தெட்டு, நாற்பத்தாறு, நாற்பத்து மூன்று. அங்கே நின்றது. அதற்கப்புறம் பட்டினி கிடந்தாலும் குறையவில்லை, நெய்யூற்றிச் சாப்பிட்டாலும் கூடவில்லை. இருமல் வந்தது. படுத்தால் மூச்சு முட்டியது. ஒரு நாள் காலையில் கன்னத்துக்கு உள்ளே நாக்கு எதிலோ இடறியது. கண்ணாடியில் வாயைத் திறந்து பார்த்தாள். நான்கு புண்கள். இடது கன்னத்தில் இரண்டு, கீழுதட்டில் ஒன்று, நாக்கின் ஓரத்தில் ஒன்று.

அவை எங்கெங்கே இருந்தன என்று அவளுக்கு மறந்திருக்கவில்லை. அதே இடங்கள்.

நடுவத்துக்குப் போனபோது காவலணு போட்டவர்களுக்கென்று தனிக் கூடம் இருந்தது. எட்டுப்பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆறுச்சாமி ஒருவர் பின்னாலொருவராக அவர்களைப் பார்த்துக்கொண்டே வந்தான். எட்டுத் தலையிலும் முடியில்லை. எட்டுப்பேரும் உதட்டை லேசாகப் பிரித்து, உள்தோல் பல்லில் படாதவாறு வைத்திருந்தார்கள். யாருக்கும் காய்ச்சல் இல்லை, சளி இல்லை. கூடத்தில் பேச்சே இல்லை.

பக்கத்தில் இருந்தவர் தாராபுரத்துக்காரர். “உங்களுக்கு எத்தனை மாசமாச்சுங்க?” என்று ஆறுச்சாமி கேட்டான்.

“பூட்டுப் போட்டு எட்டு மாசம்.”

“இப்ப எப்படி இருக்குதுங்க?”

“அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படி இருக்குதுங்க,” என்றார் அவர்.

நஸ்ரீனின் அறையில் கணினித் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது. அவருக்கு ஐம்பது வயதிருக்கும். வழக்கமாக நோயாளி உள்ளே வந்ததும் பெயர் சொல்லி வரவேற்பார். அன்று நாற்காலியை மட்டும் காட்டினார். திரையில் இரண்டு நுரையீரல் படங்கள் இருந்தன.

“ஒண்ணு உங்க பூட்டு நாள்ல எடுத்தது. இன்னொண்ணு இன்னைக்குக் காலைல எடுத்தது,” என்றார். “எது எதுன்னு தெரியுதா?”

பூங்கோதைக்குத் தெரியவில்லை. நஸ்ரீன் ஒரு படத்தை இழுத்து இன்னொன்றின் மேல் வைத்தார். ஒரு கட்டிதான் தெரிந்தது. ஓரத்தில் மூக்குபோல் நீட்டிக்கொண்டிருந்த சிறு முனைகூட ஒன்றன்மேல் ஒன்று அப்படியே படிந்தது.

“மறுபடியும் வளந்திருச்சுங்களா?”

“வளர்ந்து நின்னுருச்சு. அன்னைக்கு இருந்த அளவு வந்ததும் நின்னுருச்சு.” நஸ்ரீன் விரலால் கட்டியின் ஓரத்தைக் காட்டினார். “பூங்கோதை, நாங்க காவலணுகிட்ட, இங்க இருக்கிற எல்லாமே உன் பொறுப்புன்னு சொன்னோம். கட்டியும் அங்கதான் இருந்துச்சு.”

மருந்து இறங்கிக்கொண்டிருந்தவரை அதன் வேகத்துக்குக் காவலணுக்களால் ஈடுகொடுக்க முடியவில்லை. கட்டி சுருங்கியது. மருந்து நின்றதும் அவை தம் வேலையைத் தொடங்கின. கட்டிக்கு இரத்தம் போகும் சிறுகுழாய்களைத் திறந்துவிட்டன. பதிந்த அளவு வந்ததும் குழாய்களை மூடின. ஆறிப்போன புண்ணின் மேல் இருந்த புதுத்தோலை எடுத்துவிட்டன. கூடிய சதையைக் கரைத்தன. எதிலும் வன்மம் இல்லை. வீட்டுக்காரர் வருவதற்குள் எல்லாவற்றையும் இருந்த இடத்தில் எடுத்துவைக்கிற வேலைக்காரர்களைப்போல.

நஸ்ரீன் அவள் இடுப்பெலும்பிலிருந்து காலையில் எடுத்த ஒரு துளி மஜ்ஜையைத் திரைக்குக் கொண்டுவந்தார். வெளிறிய வட்டமான ஓர் உயிரணு மெல்ல நகர்ந்து வந்தது. கறுப்புப் புள்ளிகள் நான்கு பக்கமும் அதை நெருங்கின. அது ஒருமுறை உப்பியது. பிறகு அங்கே எதுவும் இல்லை.

“அது என்னதுங்க?”

“வெள்ளையணு. உங்க மஜ்ஜை இப்ப நல்லா வேலை செய்யுது. ஒரு நாளைக்குக் கோடிக்கணக்குல பண்ணுது.”

“அப்ப அது என்னோடதுதானுங்களே.”

“உங்களோடதுதான்,” என்றார் நஸ்ரீன். “அன்னைக்கு அது இல்லை.”

ஆறுச்சாமிதான் கேட்டான்: “வேற நாள்ல அந்தப் பூட்டைப் போட்டிருக்கக் கூடாதுங்களா டாக்டர்? நல்லா இருந்த நாள்ல?”

“வெள்ளையணு இருக்கும்போது காவலணு பூட்டிக்கிட்டு வேலையை ஆரம்பிச்சா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு கொன்னுக்கும். அதனால வெள்ளையணு சுத்தமா இல்லாத நாள்தான் வேணும். அந்த நாளைத் தீர்மானிச்ச ஆறு பேர்ல நானும் ஒருத்தி.” அவர் திரையை அணைத்தார். “எங்களுக்கு வசதியான நாள் அது. நோயாளிக்கு அது எப்படிப்பட்ட நாளா இருக்கும்னு யாரும் கேட்கலை. நானும் கேட்கலை.”

“இனி என்ன ஆகும்?” என்றாள் பூங்கோதை.

“ஒண்ணும் ஆகாது. அதான் விஷயம். கட்டி இதுக்கு மேல வளராது. கிருமி வராது. புண்ணு ஆறாது, பெரிசும் ஆகாது. பத்து வருஷம் கழிச்சும் இதே நாற்காலியில இப்படியே உட்கார்ந்திருப்பீங்க.”

வழி ஒன்று இருந்தது. வடிகலம் என்று ஓர் இயந்திரம். இரத்தம் முழுவதையும் வெளியே எடுத்து, காந்தத்தால் காவலணுக்களைப் பிரித்துவிட்டு, திரும்ப உள்ளே அனுப்பும். நான்கு நாள் பிடிக்கும். அதில் மஜ்ஜையும் அடிபடும் என்பதால், அதன்பின் மூன்று வாரம் அவளுக்கு வெள்ளையணுவும் இராது, காவலணுவும் இராது. அதைத் தாண்டினால் கட்டி தன் விருப்பப்படி வளரத் தொடங்கும். அதற்குப் பழைய முறையிலேயே மருந்து எடுக்க வேண்டும். இவ்வளவையும் நஸ்ரீன் ஒளிக்காமல் சொன்னார். காவலணுச் சிகிச்சையை நடத்தும் மேலிடத்துக் குழுவுக்கு எழுதிக் கேட்டதாகவும், காவலணு போட்டவர்களில் ஒருவர்கூட இறக்காதபோது எதற்காக நீக்க வேண்டும் என்று பதில் வந்ததாகவும் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபிறகு ஆறுச்சாமி இரண்டு நாள் கடையிலேயே கிடந்தான். மூன்றாம் நாள் மதியம் கடையைச் சாத்திவிட்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தான்.

“பொழச்சுக் கெடக்கறயே கோதை. எனக்கு அது போதும். நான் கஞ்சி வெச்சுத் தர்றேன். சாஞ்சு உக்காந்துக்க. எத்தனை வருஷம் ஆனாலும் நான் பாத்துக்கறேன்.”

“நீங்க பாத்துக்குவீங்க. எனக்குத் தெரியாதுங்களா?”

“அப்பறம் என்ன?”

அவள் பேசுவதற்கு முன் நாக்கைப் புண்ணில் படாமல் திருப்பிக்கொண்டாள். “அந்தப் பதினோராம் நாள் காலைல நான் என்ன நெனச்சேன்னு உங்களுக்குத் தெரியாது. இன்னைக்கு ஒரு நாளைத் தாட்டிட்டா நாளைக்குக் கொஞ்சம் தேவலையாகும்னு நெனச்சேன். அந்த ஒரு நெனப்பைப் புடிச்சுக்கிட்டுத்தான் அன்னைக்கு இருந்தேன். இப்ப அதே நாளு. வலி அதேதான், இருமலும் அதேதான். அந்த நெனப்பு மட்டும் இல்லீங்க. நாளைக்குத் தேவலையாகாதுன்னு தெரியுதே. அப்பறம் எதைப் புடிச்சுக்கறது?”

“வெளியே எடுத்தா செத்துருவே.”

“ஆமாங்க. செத்துருவேன்,” என்றாள். “ஒரு நாளைக்கு.”

 மறுநாள் அவனே துணிப்பையில் மாற்றுச்சேலைகளை எடுத்து அடுக்கினான்.

குழுவின் அனுமதி இல்லாமலேயே நஸ்ரீன் வடிகலத்தை இயக்கினார். முதல் நாள் காவலணுக்களில் பாதி வெளியேறின. இரண்டாம் நாள் காலையிலிருந்து மதியம்வரை இயந்திரம் ஓடியும் ஒன்றுகூடச் சிக்கவில்லை. ஊசி ஏறிய கையில் அவை இல்லை. கால்களில் இல்லை. படம் எடுத்துப் பார்த்தபோது இடது நுரையீரலில் கட்டியைச் சுற்றி ஒரு கறுத்த வளையம் தெரிந்தது. மிச்சமிருந்தவை எல்லாம் அங்கே போய்த் தோளோடு தோள் சேர்ந்து நின்றன.

“அதை விட்டுக்குடுக்க மாட்டேங்குது,” என்றாள் பூங்கோதை, படத்தைப் பார்த்து. அவள் குரலில் கிட்டத்தட்ட இரக்கம் இருந்தது.

நஸ்ரீன் காந்தத்தை அவள் மார்பின்மேல் வைக்கச் சொன்னார். மூன்றாம் நாளும் நான்காம் நாளும் அவளுக்கு அந்தப் பழைய ஊர்தல் திரும்ப வந்தது. விலா எலும்புக்கு அடியில், தோளில், முழங்கை மடிப்பில். ஆனால் இம்முறை திசை மாறியிருந்தது. நான்காம் நாள் பிற்பகலில் கடைசி ஊர்தல் நின்றது. உடம்பு சட்டென்று தன் கனத்தில் படுக்கையில் அழுந்தியதுபோல் இருந்தது.

பிறகு கண்ணாடி அறை. ஆறுச்சாமி வெளியே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தான். ஐந்தாம் நாள் காய்ச்சல் நூற்று நான்கைத் தொட்டது. தட்டணுக்கள் ஒன்பதாயிரத்துக்கு இறங்கின. மூக்கில் வழிந்த இரத்தம் பஞ்சை நனைத்துக்கொண்டே இருந்தது. முகம் தெரியாத யார்யாரோ கொடுத்த இரத்தம் பையிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. கிருமிக்கு எதிரான மருந்தை மூன்று முறை மாற்றினார்கள். எட்டாம் நாள் நஸ்ரீன் ஆறுச்சாமியை அழைத்து, சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடும்படி சொன்னார். அவன் யாருக்கும் சொல்லவில்லை. கண்ணாடிக்குப் பக்கத்தில் முக்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டான்.

பதினேழாம் நாள் காலைச் சோதனையில் வெள்ளையணு நாற்பது. மறுநாள் முந்நூறு. அதற்கு மறுநாள் ஆயிரத்து நூறு. அவளுடையவை.

அதன்பின் பூங்கோதை இரண்டு ஆண்டு ஏழு மாதம் இருந்தாள். கட்டி வளர்ந்தது, மருந்துக்குச் சுருங்கியது, மறுபடி வளர்ந்தது. ஒவ்வொரு சுற்றிலும் இரத்தம் காலியாகும் நாட்கள் வந்தன. முகக்கவசம் போட்டு, தண்ணீரைக் கொதிக்கவைத்து, மணிக்கொருமுறை காய்ச்சல் பார்த்துப் பயந்து கடந்தாள். சுற்றுகளுக்கு நடுவே தேறினாள். முடி வளர்ந்தது, முன்பு நேராக இருந்தது, இப்போது சுருட்டையாக வந்தது. ஒரு தடவை ஆறுச்சாமியோடு ராமேசுவரம் போய் வந்தாள். ஒரு தடவை அவனோடு பெரிய சண்டை போட்டு நான்கு நாள் தங்கை வீட்டில் இருந்தாள். கடைசியில் அந்த நோயால்தான் இறந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, ஆறுச்சாமி வாங்கி வந்த காபி சூடாக இருக்கிறது, ஆறட்டும் என்று சொல்லி வைத்திருந்த நேரத்தில்.

அதற்குள் காவலணு நாடெங்கும் போய்விட்டது. பதினோராயிரத்து இருநூற்று நாற்பது நுரையீரல் நோயாளிகளுக்குப் போட்டிருந்தார்கள். அவள் இறந்த அதே மாதம் குழுவின் ஐந்தாண்டு அறிக்கை வெளிவந்தது. இரத்தம் காலியாகி இறந்தவர்: இல்லை. கிருமியால் இறந்தவர்: இல்லை. மொத்த இறப்பு: ஒன்று. அதற்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது: “மருத்துவ ஆலோசனைக் குழுவின் அனுமதியின்றி, தாமே விரும்பிக் காவலணுக்களை நீக்கிக்கொண்டவர்.”

மற்றவர்களும் அப்படிச் செய்துவிடக் கூடாதே என்பதற்காக, எச்சரிக்கையாக அந்தப் பக்கத்தை மட்டும் அச்சிட்டுக் காவலணு போட்ட ஒவ்வொருவர் வீட்டுக்கும் அனுப்பி வைத்தார்கள்.

ஒன்பது நாள் கழித்து நஸ்ரீன் காலையில் நடுவத்துக்கு வந்தபோது, வாயிலைத் தாண்டிச் சாலைவரை வரிசை நின்றது. எத்தனை பேர் என்று சொல்ல முடியவில்லை. சத்தமே இல்லாததால் காவலாளிகூட அவர்கள் வந்ததைக் கவனித்திருக்கவில்லை. முடியில்லாத தலைகள், சற்றே பிரிந்த உதடுகள். ஆணா பெண்ணா என்று தூரத்திலிருந்து தெரியவில்லை. நஸ்ரீன் நடந்து வந்தபோது அத்தனை முகங்களும் ஒன்றாக அவர் பக்கம் திரும்பின. எல்லார் கையிலும் அந்தக் காகிதம் இருந்தது.

வரிசையின் முதலில் உடுமலையிலிருந்து வந்த ஓர் ஆசிரியை நின்றாள். பெயர் லூர்துமேரி என்றாள். அந்தச் சிறிய எழுத்துக் குறிப்பின் அடியில் பென்சிலால் கோடு போட்டிருந்தாள்.

“இது உண்மையா டாக்டர்? இவங்க இறந்துட்டாங்களா?”

“உண்மைதான்.”

“நீக்கினதுக்கு அப்புறம் எவ்வளவு நாள் இருந்தாங்க?”

“ரெண்டு வருஷம் ஏழு மாசம்.”

அந்தப் பதில் வரிசையில் பின்னால் போவதை நஸ்ரீன் கேட்டார். உதடு அசையாத முணுமுணுப்பாக, ஒருவரிடமிருந்து ஒருவருக்கு, வாயிலைத் தாண்டிச் சாலைவரை போயிற்று.

“எங்களுக்கும் நீக்கிவிடுங்க,” என்றாள் லூர்துமேரி.

நஸ்ரீன் அவளைத் தனியாக அழைத்துப் போய்ச் சொல்ல நினைத்தார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி அங்கேயே சொன்னார். வடிகலம் இரண்டே இரண்டுதான் இருக்கிறது. இறப்பே இல்லாத சிகிச்சைக்கு அது எதற்கு என்று குழு புதிதாகச் செய்வதை நிறுத்திவிட்டது. ஒருவருக்கு நான்கு நாள். இரண்டையும் ஓய்வில்லாமல் ஓட்டினாலும் எல்லாருக்கும் முடிக்க அறுபது ஆண்டுக்கு மேல் ஆகும்.

“அறுபது வருஷம்,” என்று அவர் மறுபடியும் சொன்னார், அவர்களுக்குப் புரியவில்லையோ என்று.

லூர்துமேரி தலையை ஆட்டினாள். பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் தரையில் உட்காரத் தொடங்கினார்கள். யாரும் இடம் பிடிக்க அவசரப்படவில்லை.

“பரவாயில்லை டாக்டர்,” என்றாள் அவள். “நாங்க இருப்போம்.”